ஆஸ்பத்திரி வாசலில் சொல்லக்கூடாதது

சிவகாமியின் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள்தான். ஆனால் அந்த வீட்டில் அது முற்றிப்போன வியாதி. தெருமுனையில் உப்பு வாங்கப் போகிறவர்கூட 'போயிட்டு வரேன்' என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டவேண்டும். உள்ளேயிருந்து 'போயிட்டு வாங்க' என்று பதில் வந்த பிறகுதான் படியிறங்கவேண்டும். எல்லாம் சிவகாமியின் அம்மா ஜெயத்தால் வந்தது. ஜெயம் மஸ்கட்டில் நர்ஸ். மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது விமானம் ஏறியவள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் காரைக்குடிக்கு வருவாள். லீவு முடிந்ததும் திருச்சி விமான நிலையத்தில் மகளைக் கட்டிக்கொண்டு 'போயிட்டு வரேன்டி' என்பாள். ஒவ்வொரு முறையும் அப்படிச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் வந்தாள். அதனால் அந்த வார்த்தைக்கு ஆளைத் திருப்பிக் கொண்டுவரும் சக்தி இருக்கிறது என்று அந்தப் பிள்ளை நம்பிவிட்டது. சின்ன வயதில் நம்பியதைப் பெரியவளான பிறகு யார் போய்த் திருத்துவது? யாரும் திருத்தவில்லை.

மதுரைக் கல்லூரியில் சிவகாமி சமூகப்பணி படித்தாள். இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு மாதம் பயிற்சி எடுத்தாகவேண்டும் என்பது விதி. கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். பேராசிரியர் ஒருவர், தனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் சைகோனில் புற்றுநோய் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு இலவசக் கஞ்சி ஊற்றுகிறார், அங்கே யாராவது போகிறீர்களா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். சிவகாமி கையைத் தூக்கிவிட்டாள். இத்தனை வருஷமும் வழியனுப்பி வழியனுப்பியே அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரு தடவையாவது புறப்படுகிறவளாக இருந்து பார்த்துவிட வேண்டும், வேறொன்றுமில்லை. டிக்கெட்டுக்கு அம்மாவே பணம் அனுப்பினாள். அப்பா திருச்சி வரை வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையாட்டினார். கோலாலம்பூரில் விமானம் மாறி, மே மாதத்து மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் அவள் சைகோனில் இறங்கினாள். ஊருக்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகியும் வாயில் வருவதென்னவோ சைகோன்தான்.

விமான நிலைய வாசலில் பூப்போட்ட பைஜாமாவும் அதே துணியில் சட்டையுமாக, மழைக்கோட்டு சொட்டச் சொட்ட ஒரு அம்மாள் ஸ்கூட்டரோடு நின்றார். அவர்தான் மாரி-ரோஸ். அப்பா காரைக்காலிலிருந்து சுங்க இலாகா வேலைக்கு வந்தவர், அம்மா வியட்நாம்காரி. எழுபத்தைந்தில் ஆட்சி மாறியபோது அண்ணன்மார் எல்லோரும் பாரிஸுக்குப் போனார்கள். அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் மாரி-ரோஸ் மட்டும் தங்கிவிட்டார். பிற்காலத்தில் அந்த அம்மா இதே ஆஸ்பத்திரியின் நடையில் பாய்போட்டுப் படுத்துத்தான் கண்ணை மூடினார். அதன் பிறகு சந்தையில் காய்கறி விற்கும் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாரி-ரோஸ் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார். அவருடைய தமிழ் அவருடைய அப்பா காலத்தோடு நின்றுபோன தமிழ்; இடையிடையே பிரெஞ்சு வந்து விழும்.

"ஆன்ட்டின்னு கூப்புடாத. தாந்த்-னு கூப்புடு. எங்க ஊட்ல அத்தைக்கு அதான்" என்றார் முதல் வேலையாக.

கல்லூரி கொடுத்த பயிற்சித் திட்டத்தை சிவகாமி பவ்யமாக நீட்டினாள். கள ஆய்வு, பயனாளிகள் நேர்காணல், இறுதி அறிக்கை என்று அதில் என்னென்னவோ இருந்தது. மாரி-ரோஸ் அதை நாலாக மடித்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டார்.

"பொங், பொங்" என்றார், பிரெஞ்சில் சரி சரி என்று. " அறிக்கை எல்லாம் அப்பறம். மொதல்ல உனக்குக் கரண்டி புடிக்கத் தெரியுமா?"

தெரியும் என்றுதான் சிவகாமி நினைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில் சமையல்கூடம். அதன் மாடியில் அவளுக்கு ஒரு அறை. ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற பாத்திரங்களில் கஞ்சி கொதிக்கும். காலையும் மாலையும் அதை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே அதற்குள் வரிசை நின்றுகொண்டிருக்கும். மெக்கோங் ஆற்றுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம். நோயாளிகளுக்குத் துணையாக வந்து, கட்டிலுக்கு அடியிலேயே பாய் விரித்துப் படுக்கிறவர்கள். சிவகாமி கரண்டியை எடுத்தாள். காரைக்குடிக் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற தோரணை அவளுக்கு. முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் விளிம்பு தட்ட ஊற்றினாள். வரிசையின் வால் வந்து சேருவதற்குள் பாத்திரத்தின் அடி தெரிந்தது.

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து ஒருத்தி ஏதோ உரக்கச் சொன்னாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

"என்ன சொல்றாக?" என்று கேட்டாள் சிவகாமி.

"முன்னால நிக்கிறவன் உனக்கு மாப்பிள்ளையாம், பின்னால நிக்கிறவன் கடன்காரனாம். அப்படியான்னு கேக்குறா" என்றார் மாரி-ரோஸ். அவரும் சிரித்தார்.

சிவகாமி நிமிர்ந்து பார்த்தாள். தலையில் பருத்திக் குல்லா, புருவம் இல்லை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் சிரிப்பு மட்டும் ஒரு குறையுமில்லாமல் இருந்தது. அவள்தான் ஹுவே. பென் த்ரேயில் தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. தேங்காய்ப்பால் மிட்டாய் காய்ச்சிக் கடைகளுக்குப் போடுகிறவள். மார்பில் கட்டி வந்து, அறுவை முடிந்து, மருந்து ஏற்றிக்கொள்வதற்காகப் புருஷனோடு இங்கே வந்து தங்கியிருந்தாள். கஞ்சி வாங்கப் புருஷனை அனுப்பலாம். வார்டு நாற்றம் தாங்காமல் தானே இறங்கி வருவாள்.

மறுநாளும் ஹுவே வந்தாள். மறுநாளும் கரண்டியைப் பார்த்துக் கேலி செய்தாள். சிவகாமி அவளை 'சி ஹுவே' என்று கூப்பிடப் பழகினாள். காரைக்குடியில் பெரியவள் ஒருத்தியைப் பார்த்து 'சீ' என்றால் கன்னத்தில் விழும். இங்கே அது அக்கா.

ஒரு மத்தியானம் மாரி-ரோஸ் ஏதோ சாமான் கொடுத்துவிட்டார் என்று சிவகாமி வார்டுக்குப் போனாள். ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளிகள், நடையெல்லாம் பாய்கள். ஹுவே மாடிப்படித் திருப்பத்தில், கொஞ்சம் காற்று வரும் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். சிவகாமியின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தொடலாமா என்று கையால் கேட்டாள். சிவகாமி தலையாட்டினாள். ஹுவே தன் துணிப்பையிலிருந்து ஒரு மரச்சீப்பை எடுத்தாள். முடியெல்லாம் கொட்டிய பிறகும் சீப்பை மட்டும் தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை. சிவகாமியைக் கீழ்ப்படியில் உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்து, நுனியிலிருந்து சிக்கெடுத்து, நிதானமாக வாரி, மறுபடி பின்னிவிட்டாள்.

அன்றிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிட்டது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் சிவகாமி ஒரே ஓட்டமாக அந்தப் படிக்கட்டுக்குப் போய்விடுவாள். பயனாளிகள் நேர்காணல் என்று மாரி-ரோஸிடம் சொல்லிக்கொள்வாள். அவரும் நம்புவதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். பேச அதிகம் பாஷை இல்லை; கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டுவதும், கற்றுக்கொண்ட நாலு வார்த்தையை மாற்றி மாற்றிப் போடுவதும்தான்.

"அம்மா எங்கே?" என்று ஹுவே கேட்டாள்.

"தூரத்துல. வேலை."

"எப்ப வருவாங்க?"

"அடுத்த வருஷம்."

ஹுவே உச்சுக்கொட்டினாள். அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் வாரினாள்.

வருஷத்தில் எத்தனை நாள் சிவகாமியின் தலையை அடுத்தவர் கை தொட்டிருக்கிறது? அம்மா லீவில் இருக்கும் மாதத்தில் மட்டும்தான் அவளுக்கு எண்ணெய் வைத்து வாரிவிட ஆளிருக்கும். மற்ற நாளெல்லாம் கண்ணாடி முன்னால் தானே இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடியவள். அந்தப் படிக்கட்டில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். இது இப்படியே இருந்தால் போதும் என்று இருக்கும். ஆஸ்பத்திரியில் 'இப்படியே இருக்கட்டும்' என்று ஆசைப்படுகிற பைத்தியம் எங்காவது உண்டா? ஆசைப்பட்டாளே, என்ன செய்வது.

ஜூன் நடுவில் ஹுவேக்கு மருந்துச் சுற்று முடிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளம்பும் காலையில் ஹுவே ஊதா நிறச் சட்டை போட்டுக்கொண்டாள். அவள் புருஷன் லோக், ஆற்றில் தேங்காய்ப் படகு ஓட்டுகிற, அதிகம் பேசாத மனிதன், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான். பாயையும் வாளியையும் அடுத்துப் படுக்கவரும் ஆளுக்கென்று அங்கேயே விட்டுவிட்டார்கள். வார்டில் யாரும் எழுந்து வந்து வழியனுப்பவில்லை. சும்மா தலையை அசைத்தார்கள், அவ்வளவுதான். பக்கத்திலேயே இத்தனை நாள் கிடந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, என்ன ஜனங்கள் இவர்கள் என்று சிவகாமிக்கு வருத்தமாக இருந்தது. அவள் முந்தின நாளே கைபேசியில் தேடி, ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்து, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகிவைத்திருந்தாள்.

வாசலில் வேன் காத்திருந்தது. கஞ்சி வரிசை இன்னும் கலையவில்லை. சிவகாமி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஹுவேயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பழகிவைத்ததை எல்லோருக்கும் கேட்கும்படி, கணீரென்று, ஒரு பிழையுமில்லாத வியட்நாமியத்தில் சொன்னாள்.

"சி ஹுவே, போயிட்டு வாங்க! கட்டாயம் இங்கே திரும்பி வாங்க!"

வரிசையில் நின்ற ஒரு கிழவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். லோக் மூட்டையைக் கீழே வைத்தான். பக்கவாட்டில் தூ தூ என்று துப்பினான். அதுவரை வாய் திறக்காத மனிதன் ஆஸ்பத்திரி வாசல் அதிரக் கத்தினான். சிவகாமிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இல்லை. ஹுவேயின் கை அவள் கையிலிருந்து மெல்ல நழுவியது. ஹுவே திட்டவில்லை. அவளுடைய சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுபோயிருந்தது. வேனில் ஏறி நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்தாள். வேன் போய்விட்டது.

மாரி-ரோஸ் சிவகாமியைச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"மோ தியே, கடவுளே! என்னா பொண்ணு நீ! ஆஸ்பத்திரிய உட்டுப் போறவங்ககிட்ட மறுபடி பாக்கலாம்னே இங்க யாரும் சொல்லமாட்டாங்க. நீ வேற, திரும்பி வா, திரும்பி வான்னு கூவுற. நோயோட திரும்பி வான்னு சாபம் குடுத்த மாதிரி ஆயிருச்சே!"

"எங்க ஊர்ல போங்கன்னு சொன்னாத்தான் சாபம், தாந்த்" என்றாள் சிவகாமி. "வாங்கன்னு சொல்லாம எப்படி அனுப்புறது?"

"அது ஊட்டு வாசல்ல. இது எந்த வாசல்?"

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து அழுதாள். அம்மாவாவது தன் பக்கம் நிற்பாள் என்று நினைத்தாள். ஜெயம் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"ஏன்டி, நான் இத்தன வருஷமா வார்டுல நிக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகுறவுககிட்ட நானே அப்படிச் சொன்னதில்ல. நல்லபடியா இருங்கன்னுதான் சொல்வேன். இது அங்க உள்ள சாத்திரம் மட்டுமில்லடி."

அப்போதுதான் சிவகாமிக்கு உறைத்தது. ஊர்வழக்கத்தின் தலையில் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது. காரைக்குடி ஆஸ்பத்திரி வாசலாக இருந்தாலும் அவள் இதைத்தான் சொல்லியிருப்பாள். ஏனென்றால் ஹுவே திரும்பி வரவேண்டும் என்று அவளுக்கு நிஜமாகவே ஆசையாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. கஞ்சி கொதித்தது, மழை பெய்தது, வரிசை நின்றது. இப்போது அவளுடைய கரண்டி எல்லோருக்கும் ஒரே அளவாக ஊற்றியது. கேலி செய்யத்தான் ஆளில்லை. மத்தியானம் ஆனால் கால் தானாகப் படிக்கட்டுப் பக்கம் போகும். அங்கே வேறு யாரோ பாய் விரித்திருப்பார்கள். தலையை வாரவே பிடிக்கவில்லை. அள்ளி முடிந்துகொண்டு திரிந்தாள். லோக்கின் எண்ணுக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. பென் த்ரேக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டதற்கு மாரி-ரோஸ் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரி முகம் எதுவும் இப்போது அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்றார்.

வெளியூர் நோயாளிகள் மறுபரிசோதனைக்கு வருவது பெரும்பாலும் திங்கட்கிழமை. திங்கட்கிழமைக் காலையில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். சிவகாமி ஊற்றுவது ஒரு பக்கம் இருக்க, கண் ஒவ்வொரு குல்லாவாகத் தேடும். கடவுளே, அவள் வந்துவிடக்கூடாது என்று தேடும். கூட்டம் கரைந்து, அவள் இல்லை என்று தெரிந்ததும் அப்பாடா என்று இருக்கும். அந்த அப்பாடா அடங்குவதற்குள்ளேயே, இன்றைக்கும் வரவில்லையே என்று அழுகை வரும். ஒரே மனசு இரண்டையும் எப்படித்தான் கேட்டதோ. ஒருத்தியைப் பார்க்காமல் ஏங்குவது அவளுக்குப் பழக்கம்தான். அதில் அவள் கைதேர்ந்தவள். பார்த்துவிடக்கூடாதே என்று பயந்துகொண்டே ஏங்குவது இதுதான் முதல் தடவை.

ஒரு வெள்ளிக்கிழமை, அந்தக் காலத்துத் தமிழர்கள் த்ருவோங் டின் தெருவில் கட்டிவைத்த மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். ஊதுபத்திப் புகையில் அம்மன் முகம் கலங்கலாகத் தெரிந்தது. கும்பிட வந்தவர்களில் முக்கால்வாசி வியட்நாம் பெண்கள். கருவறைக்குப் பின்னால் கருங்கல் சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, கல்லின் காதில் ரகசியம் சொல்வதுபோல, தங்கள் குறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிவகாமியும் போய் ஒரு இடம் பிடித்து நெற்றியை வைத்தாள். கல் ஜில்லென்று இருந்தது. ஹுவே நல்லா இருக்கணும், இந்தப் பக்கமே வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளத்தான் வந்தாள். 'அவுகள ஒரு தடவ மட்டும் காட்டிரு ஆத்தா' என்று வாய் முணுமுணுத்துவிட்டது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பக்கத்தில் நின்றவள் ஏதோ நினைத்துக்கொண்டு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஜூலை பிறந்தது. ஊர் திரும்ப நாள் நெருங்கிவிட்டது. கடைசித் திங்கட்கிழமை, சிவகாமி ஒரு தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி ஊற்றிவிட்டு மூடியைக் கொடுக்க நிமிர்ந்தாள். எதிரே லோக் நின்றான்.

முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்துச் சொல்வதில் ஒரு பயனுமில்லை. ஹுவே வந்துவிட்டாள், மேலே இருக்கிறாள், இதோ பார்க்கப்போகிறேன் என்று நெஞ்சு குதித்தது. அந்தக் குதிப்பு அடங்கும்போதுதான், லோக் இந்த வரிசையில் நிற்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது புத்தியில் ஏறியது. கையிலிருந்த மூடி தரையில் விழுந்து உருண்டது.

லோக் குனிந்து அதை எடுத்தான். அவன் கத்துவான் என்று அவள் நின்றாள். அவன் தாழ்ந்த குரலில், மாரி-ரோஸைப் பார்த்து, விட்டுவிட்டுப் பேசினான். மாரி-ரோஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தமிழில் சொன்னார்.

"நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சாம். மூச்சு உட முடியல. ஒரு மாசமா மறைச்சு வச்சிருக்கா பாவி. தெரிஞ்சப்பறமும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், தோப்புலயே கெடந்துடறேன்னு ஒரே அடம். இவன் காலப் புடிச்சுக் கேட்டிருக்கான், அசையல." மாரி-ரோஸ் மூக்கை உறிஞ்சினார். "கடைசில இவன் சொல்லியிருக்கான், அந்த இந்தியாப் பொண்ணு வாசல்ல நின்னு திரும்பி வா, திரும்பி வான்னு கூப்புட்டுச்சே, அதைப் பாக்கவாச்சும் வான்னு. அதுக்கப்பறந்தான் எழுந்து சட்டை மாட்டுனாளாம்."

லோக் இன்னும் ஏதோ சொன்னான்.

"அன்னிக்கு எந்த வார்த்தைக்குத் திட்டுனேனோ, அதையேதான் சொல்லிக் கூட்டியாந்தேங்குறான். நீ மனசுல வச்சுக்காதங்குறான்."

சொல்லிவிட்டு மாரி-ரோஸ் சிவகாமியைப் பார்த்தார். சிவகாமியின் விமானம் புதன்கிழமை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும், லோக்குக்குத் தெரியாது.

மேலே, ஜன்னலோரக் கட்டிலில், வேறொருத்தியோடு கட்டிலைப் பங்குபோட்டுக்கொண்டு ஹுவே சாய்ந்திருந்தாள். மூக்கில் குழாய், கையில் ஊசி. சிவகாமியைப் பார்த்ததும் ஹுவே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக்கூட மூச்சு போதவில்லை.

"வந்துட்டேன், பாத்தியா" என்றாள். அப்புறம் சிவகாமியின் தலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "என்ன இது, குருவிக் கூடு?"

லோக் பையிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்தான். சிவகாமி கட்டில் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வலது கையில் ஊசி இருந்ததால் ஹுவே இடது கையால் வாரினாள். நாலு தடவை இழுப்பாள், ஓய்வெடுப்பாள், மறுபடி இழுப்பாள். முகம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று சிவகாமி தைரியத்தைத் திரட்டிக்கொண்டாள். தெரிந்த வார்த்தைகளை அடுக்கிச் சொன்னாள்.

"புதன்கிழமை எனக்கு விமானம். ஊருக்கு."

சீப்பு நின்றது.

"அம்மா வந்திருக்காங்களா?" என்று ஹுவே கேட்டாள்.

"இல்ல. அப்பா மட்டுந்தான்."

"அப்ப உனக்கு யாரு தலை வாருவா?"

அதற்கு மேல் சிவகாமியால் முடியவில்லை. திரும்பி, ஹுவேயின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினாள். வா வா என்று கூப்பிட்டுவிட்டு, நீங்கள் வந்து சேர்ந்த நேரத்தில் நான் கிளம்புகிறேனே என்று தமிழிலேயே புலம்பினாள். திரும்ப வருவேன் என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள், வரவில்லை. அம்மா சொன்னபோதெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சம்பளமும் லீவும் டிக்கெட்டும் இருந்தன. இவளிடம் என்ன இருந்தது? அம்மாவிடம் இன்னொரு டிக்கெட் கேட்கலாமா, அப்பாவின் ஜெராக்ஸ் கடைக் காசில் மறுபடி சைகோன் வர முடியுமா? வாசலில் நின்று அடுத்தவளிடம் அவ்வளவு சுலபமாக வீசிய வார்த்தையை, கிளம்புகிறவளாக நின்றபோது அவளால் சொல்ல முடியவில்லை.

தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாத ஹுவே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, எழுந்திரு. பாதிப் பின்னலோட எப்படிப் போவ" என்றாள். விட்ட இடத்திலிருந்து வாரிப் பின்னி முடித்தாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க சிவகாமி அந்தக் கட்டிலோடு கிடந்தாள். மாரி-ரோஸ் கரண்டி வேலைக்குக் கூப்பிடவே இல்லை. கஞ்சியை ஆற்றி ஊட்டினாள், விசிறினாள், தென்னந்தோப்புப் படங்களை லோக்கின் போனில் பார்த்தாள். புதன்கிழமைக் காலையில் கிளம்பும்போது ஹுவே அவள் கன்னத்தைத் தட்டினாள்.

"ஆஸ்பத்திரிய விட்டுப் போறப்ப திரும்பிப் பாக்கக்கூடாது. நேரா போ."

ஒரு தடவை வாசலில் சாத்திரத்தை மீறியது போதும் என்று சிவகாமி இந்தத் தடவை பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள். படியிறங்கி, வாசலைக் கடந்து, மாரி-ரோஸின் ஸ்கூட்டரில் ஏறி, கழுத்தைக்கூடத் திருப்பாமல் போனாள்.

ஹுவே பிழைத்தாளா என்று கேட்பீர்கள். இதை எழுதும்போது மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. நீரை எடுத்துவிட்டார்களாம், மூச்சு கொஞ்சம் இலகுவாக இருக்கிறதாம். புதிதாக வந்த ஒரு பெண்ணின் கரண்டியைக் கேலி செய்கிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது என்று மாரி-ரோஸ் சொன்னார். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

அந்தப் புதன்கிழமை விமான நிலைய வாசலில் மாரி-ரோஸ் சிவகாமியின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்.

"ஆமா, நீ பாக்கலல்ல. நம்ம சந்து முனை திரும்புற வரைக்கும் அவ ஜன்னல்ல நின்னா. லோக் தாங்கிப் புடிச்சிருந்தான். நான் வண்டிக் கண்ணாடியில பாத்தேன்."

சிவகாமி உள்ளே போனாள். எல்லாச் சோதனையும் முடிந்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். ஜெயம் டியூட்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்குறேன். திருச்சியில எங்கள விட்டுட்டு உள்ள போவல்ல. போனதும் என்ன பண்ணுவ?"

"என்னத்தப் பண்றது? காபி குடிப்பேன். என்னடி கேள்வி இது?"

"நெசமாச் சொல்லும்மா."

அந்தப் பக்கம் அலமாரி சாத்துகிற சத்தம் வந்தது.

"உள்ள ஒரு தூண் இருக்குடி. அதுக்குப் பின்னால நின்னுக்குவேன். நீயும் அப்பாவும் காருக்கு நடந்து போறது அங்கேருந்து தெரியும். கார் போற வரைக்கும் நிப்பேன். ஒரு தடவ கடைசி அழைப்பு வந்தும் நின்னேன், போலீஸ்காரன் வந்து சத்தம் போட்டான்." ஜெயம் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "இந்தத் தடவயாச்சும் திரும்பிப் பாப்பான்னு நெனப்பேன். சின்னப் பிள்ளைல இருந்து நீ ஒரு தடவகூடத் திரும்பிப் பாத்ததில்லடி."